மருந்துத் தகவலுக்கான மூலங்கள்: எந்தக் கேள்விக்கு எதை நம்புவது?

கல்வம் எழுதியது:

மருந்தகப் பணியாளர்கள் அனைவரும் பயன்படுத்தத்தக்க மருந்துத் தகவல் மூலங்களின் பட்டியலொன்றைத் தயாரிக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டிருக்கிறது. பாடநூல்களில் உள்ள பட்டியல்களைப் பார்த்தேன். எல்லா நூல்களையும் வரிசையாகச் சொல்லி, அனைத்தும் நம்பகமானவை என்று முடித்துவிடுகிறார்கள். நடைமுறையில் எழும் சிக்கலோ வேறு. ஒரே கேள்விக்கு இரண்டு நல்ல மூலங்கள் இரண்டு விடைகளைத் தருகின்றன. இரு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கலாமா என்று தேடினால் ஒன்று ‘தவிர்க்கவும்’ என்கிறது, மற்றொன்று ‘கண்காணிக்கவும்’ என்கிறது. சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவருக்கு மருந்தின் அளவைக் கணக்கிடும்போதும் இதே நிலைதான். அத்தகைய வேளையில் எதை ஏற்பது, எந்த அடிப்படையில் ஏற்பது? எல்லாவற்றையும் சந்தா கட்டி வாங்க நிதி இல்லை என்பதையும் கருத்தில் கொண்டு பதிலளிக்க வேண்டுகிறேன்.

துலாக்கோல் எழுதியது:

பட்டியலை மூலங்களின் பெயரிலிருந்து தொடங்காமல் கேள்விகளின் வகையிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. ‘நம்பகமான நூல்’ என்று பொதுவாக ஒன்று கிடையாது. ஒரு குறிப்பிட்ட வகைக் கேள்விக்கு நம்பத்தக்க நூல் என்றுதான் உண்டு. வழக்கமான அளவு, பக்க விளைவு, எச்சரிக்கை ஆகியவற்றுக்குப் பிரிட்டிஷ் நேஷனல் ஃபார்முலரி போன்ற கைநூலே போதும்; அச்சுப் பதிப்பு ஆண்டுக்கு இருமுறை வருகிறது, குழந்தைகளுக்கான தனிப் பதிப்பு 2005 முதல் இருக்கிறது. வேறொரு நாட்டிலிருந்து வந்த நோயாளி கையில் ஓர் அறியாத வணிகப் பெயருடன் நிற்கும்போது அந்தக் கைநூல் உதவாது; அங்கே மார்ட்டின்டேல்தான் கைகொடுக்கும். 1883 இல் ‘எக்ஸ்ட்ரா ஃபார்மகோபியா’ என்ற பெயரில் தொடங்கிய அந்நூல் பல நாடுகளின் வணிகப் பெயர்களையும், பிற நூல்கள் கைவிட்ட பழைய மருந்துகளையும் இன்றும் சுமந்து வருகிறது. ஆனால் அதே மார்ட்டின்டேலைத் திறந்து ஓர் ஊசிமருந்தை மற்றொன்றுடன் ஒரே குழாயில் செலுத்தலாமா என்று தேடினால், அதற்கென்றே எழுதப்பட்ட நூல் தரும் விவரம் அதில் கிடைக்காது.

மூன்றாம் நிலை, இரண்டாம் நிலை, முதல் நிலை என்று மூலங்களைப் பிரிப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. தொகுப்பு நூல்களும் தரவுத்தளங்களும் மூன்றாம் நிலை. பப்மெட் போன்ற தேடுதளங்கள் இரண்டாம் நிலை. ஆய்வுக் கட்டுரைகள் முதல் நிலை. இந்த எண்களைத் தர வரிசையாகப் புரிந்துகொண்டு, முதல் நிலை என்றால் மேலானது என்று நினைப்பவர்கள் உண்டு. தேடலை மூன்றாம் நிலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அங்கே விடை கிடைக்காதபோதும், கிடைத்த விடை ஐயத்துக்கு இடமளிக்கும்போதும் மட்டுமே கீழே இறங்க வேண்டும். ஒரு கட்டுரையை மட்டும் படித்துவிட்டு நோயாளிக்குப் பதில் சொல்வதைவிட, அந்தக் கட்டுரையையும் அதற்கு எதிரான கட்டுரைகளையும் சேர்த்து எடைபோட்ட ஒருவரின் முடிவை முதலில் பார்ப்பதே பாதுகாப்பானது.

இரவுப்பணி எழுதியது:

மேலே சொன்னது பகலில், மூன்று பேர் பணியில் இருக்கும்போது சரி. தனியாக இருக்கும் ஒருவருக்குக் கேள்வியின் வகையைப் பிரித்துப் பார்க்கும் அவகாசம் இருப்பதில்லை. மருந்து நிறுவனம் எழுதி ஒழுங்குமுறை அமைப்பு ஏற்றுக்கொண்ட தயாரிப்புத் தகவலையே இறுதிச் சொல்லாகக் கொள்வதில் என்ன தவறு? அது இலவசமாகக் கிடைக்கிறது, சட்டப்படியும் நிற்கும். ஐரோப்பிய வடிவத்தில் எல்லா மருந்துகளுக்கும் பிரிவு எண்கள் ஒன்றே: அளவு 4.2, கொடுக்கக் கூடாத நிலைகள் 4.3, மருந்துகளுக்கிடையேயான இடைவினைகள் 4.5, கருவுறுதலும் தாய்ப்பாலும் 4.6, அளவு மீறினால் செய்ய வேண்டியது 4.9, துணைப்பொருள்கள் 6.1. எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால் அரை நிமிடத்தில் தேவையான பத்தியை எட்டிவிடலாம்.

துலாக்கோல் எழுதியது:

பிரிவு எண்களை மனத்தில் இருத்துவது மிக நல்ல பழக்கம். புதியவர்களுக்கு அதைத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும். சில கேள்விகளுக்குத் தயாரிப்புத் தகவலே இறுதிச் சொல் என்பதையும் ஏற்கிறேன். இந்த மாத்திரையில் அஸ்பார்டேம் என்ற இனிப்பூட்டி இருக்கிறதா, இதை உடைக்கலாமா, திறந்த பின் எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பவை அந்தத் தயாரிப்பைப் பற்றிய கேள்விகள். ஒரே மருந்தை வேறொரு நிறுவனம் தயாரித்தால் விடையும் மாறலாம் என்பதால் பொதுநூல் எதுவும் இங்கே செல்லாது.

ஆனால் அந்த ஏடு எதற்காக எழுதப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. நிறுவனம் எந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி கேட்டதோ அந்த எல்லைக்குள்தான் அது பேசும். குழந்தை மருத்துவத்திலும் நோய்த்தணிப்புச் சிகிச்சையிலும் அன்றாடம் நடக்கும், அனுமதிக்கு வெளியேயான பயன்பாடுகளைப் பற்றி அது வாய் திறக்காது. ‘போதிய தரவு இல்லை’ என்று அதில் எழுதியிருந்தால், நிறுவனம் தரவைச் சமர்ப்பிக்கவில்லை என்பதும் அதன் பொருளாக இருக்கலாம். உலகில் எங்கும் தரவு இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கருவுற்ற பெண்களுக்கான தகவலில் இது தெளிவாகத் தெரியும். அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு 1979 இல் ஏ, பி, சி, டி, எக்ஸ் என்ற எழுத்து வகைகளைக் கொண்டுவந்தது. சி என்ற ஒரே பெட்டிக்குள் விலங்குகளில் தீங்கு காணப்பட்ட மருந்தும் இருந்தது, எந்த ஆய்வும் நடைபெறாத மருந்தும் இருந்தது. எழுத்தை மட்டும் பார்த்தவருக்கு இரண்டும் ஒன்றே. அந்த முறையைக் கைவிட்டு விளக்க உரையாக எழுத வேண்டும் என்ற விதி 2014 இறுதியில் வெளியாகி 2015 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தது. இத்தனை ஆண்டுகள் கழிந்தும் சில செயலிகளும் கையேடுகளும் இன்னும் அந்த எழுத்துகளைக் காட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு மூலம் எவ்வளவு ஒழுங்காகப் புதுப்பிக்கப்படுகிறது என்பதைச் சோதிக்க இதுவே எளிய வழி என்பேன்: அதில் ஒரு மருந்தைத் திறந்து கருவுறுதல் பகுதியைப் பாருங்கள், தனி எழுத்து ஒன்று மட்டும் நின்றால் மூடிவிடலாம்.

பழைய ஏடு எழுதியது:

தாய்ப்பாலூட்டும் பெண்களைப் பற்றியும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தயாரிப்புத் தகவல்கள் பெரும்பாலும் ‘மருந்தை நிறுத்துக அல்லது பாலூட்டுவதை நிறுத்துக’ என்ற தற்காப்பு வாக்கியத்துடன் நின்றுவிடுகின்றன. அதைக் கேட்டுத் தேவையில்லாமல் பாலூட்டுவதை நிறுத்திய தாய்மார்கள் எத்தனை பேரோ. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் லாக்ட்மெட் தளம் 2006 முதல் இலவசமாக இருக்கிறது. பாலில் எவ்வளவு மருந்து கலக்கிறது, குழந்தையின் இரத்தத்தில் எவ்வளவு கண்டறியப்பட்டது, வேறு எந்த மருந்தைப் பரிந்துரைக்கலாம் என்று அது தனித்தனியாகச் சொல்கிறது. எடைக்கு ஏற்பக் கணக்கிட்டால் தாய் எடுத்துக்கொள்ளும் அளவில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாகக் குழந்தைக்குச் சென்றால் பொதுவாக ஏற்கத்தக்கது என்ற அளவுகோலையும் அறிந்து வைத்திருப்பது நல்லது. ஆனால் புற்றுநோய் மருந்துகளுக்கோ குறைமாதக் குழந்தைக்கோ அந்த எண்ணை அப்படியே பொருத்தக் கூடாது.

கல்வம் எழுதியது:

மிக்க நன்றி. இடைவினைகளைப் பற்றிய என் முதல் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. மதிப்புமிக்க தரவுத்தளங்களே ஒன்றுக்கொன்று முரண்படும்போது பணியாளர்களுக்கு என்ன அறிவுறுத்துவது?

நடுநிலை எழுதியது:

முரண்பாட்டின் காரணத்தைப் பார்த்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். தீவிரத்தை மதிப்பிடும் அளவுகோல் ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் வேறு. ஒன்று விளைவு எவ்வளவு கடுமையாக இருக்கக்கூடும் என்று பார்க்கிறது. மற்றொன்று அது நேரும் வாய்ப்பையும் சான்றின் வலுவையும் சேர்த்துப் பார்க்கிறது. ஆகவே ‘தவிர்க்கவும்’, ‘கண்காணிக்கவும்’ என்ற இரண்டு சொற்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை. சொல்லுக்குக் கீழே இருக்கும் பத்தியைப் படிக்க வேண்டும். அங்கே மூன்று செய்திகளைத் தேடுவது என் வழக்கம்: இடைவினை எந்த வழியில் நிகழ்கிறது, அது மனிதர்களில் அளவிடப்பட்டதா அல்லது ஊகமா, என்ன செய்யச் சொல்கிறார்கள். இந்த மூன்றையும் விரிவாகத் தருவதில், இடைவினைகளுக்கென்றே எழுதப்பட்ட ஸ்டாக்லி நூலுக்கு நிகராக நான் வேறெதையும் பார்க்கவில்லை. சந்தாவுக்குப் பணம் ஒதுக்க முடிந்தால் முதலில் அதற்கு ஒதுக்குங்கள் என்றே சொல்வேன். இது என் தனிப்பட்ட விருப்பம் என்றும் கொள்ளலாம்.

ஒரு வகை முழுவதற்கும் ஒரே எச்சரிக்கையை ஒட்டிவிடுவது இன்னொரு காரணம். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிகள், மருந்துகளைச் சிதைக்கும் சிஒய்பி3ஏ4 நொதியைத் தடுப்பதால், கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டினுடன் சேரக் கூடாதவை. அஸித்ரோமைசினும் அதே மேக்ரோலைடு குடும்பம்தான், ஆனால் அந்த நொதியை அது பெரிதாகத் தடுப்பதில்லை. குடும்பப் பெயரை வைத்து எச்சரிக்கும் மென்பொருள் மூன்றுக்கும் ஒரே குரலில் கத்தும். கத்தல் மிகுந்தால் பணியாளர் படிக்காமலே அழுத்தித் தள்ளத் தொடங்கிவிடுவார் என்பதுதான் இதில் உண்மையான ஆபத்து.

மறுபுறம், மென்பொருள் எதுவும் சொல்லாதது பாதுகாப்புக்கு உறுதியல்ல. இரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் எடுத்துக்கொள்பவர், வாயில் ஏற்பட்ட பூஞ்சைத் தொற்றுக்கு மைகோனசோல் ஜெல் வாங்குகிறார். வாயில் தடவுவதுதானே என்று அதை எவரும் பதிவில் ஏற்றுவதில்லை. விழுங்கப்படும் ஜெல் உட்கிரகிக்கப்பட்டு வார்ஃபரினைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பதால் கடுமையான இரத்தக்கசிவுகள் நேர்ந்தன. மருத்துவர் சீட்டின்றி விற்கப்படும் அந்த ஜெல்லை வார்ஃபரின் எடுப்பவர்களுக்குத் தரக் கூடாது என்று பிரிட்டனின் ஒழுங்குமுறை அமைப்பு 2017 இல் அறிவித்தது. மிகச் சிறந்த தரவுத்தளத்தால்கூட உள்ளிடப்படாத மருந்தைக் கண்டுபிடிக்க முடியாது.

சிறுநீரகக் கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டு மூலங்கள் வேறுபடுவதுபோல் தோன்றும் பல இடங்களில் அவை பயன்படுத்தும் அளவீடே வேறாக இருக்கும். 1976 இல் வெளியான காக்ராஃப்ட்–கால்ட் வாய்பாட்டின்படி கணக்கிட்ட கிரியாட்டினின் கிளியரன்ஸை (சிறுநீரகம் கிரியாட்டினின் என்ற கழிவை வெளியேற்றும் வேகம்) அடிப்படையாகக் கொண்டு பல மருந்துகளின் அளவு வரையறுக்கப்பட்டது. ஆய்வகமோ உடற்பரப்புக்கு ஏற்பச் சீர்செய்த, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனை மதிப்பிடும் இஜிஎஃப்ஆர் எண்ணை அச்சிட்டுத் தருகிறது. மெலிந்த முதியவர் ஒருவருக்கு இவ்விரு எண்களும் கணிசமாக விலகும். இரத்த உறைவைத் தடுக்கும் புதிய வாய்வழி மருந்துகளில் இந்த விலகல் அளவையே மாற்றிவிடும். எனவே நூலில் எந்த எண்ணைக் கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்த பிறகே அட்டவணைக்குள் நுழைய வேண்டும்.

குப்பி எழுதியது:

ஊசிமருந்துகளைக் கலக்கும் பிரிவில் இருப்பதால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ‘இது அதனுடன் சேருமா’ என்று தொலைபேசியில் கேட்பவருக்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதிலளிக்க இயலாது. இரண்டின் செறிவு என்ன, எந்தக் கரைசலில், ஒரே பையிலா அல்லது குழாயின் ஒய் இணைப்பில் சில நிமிடங்கள் மட்டும் சந்திக்கின்றனவா, எவ்வளவு நேரம், எந்த வெப்பநிலையில் என்பவற்றைக் கேட்டுப் பெற வேண்டும். இதற்கெனவே இருப்பது 1977 இல் முதலில் வெளிவந்த, டிரிசலின் பெயரால் அறியப்படும் ஊசிமருந்துக் கைநூல். அதன் அட்டவணைகள் இந்த விவரங்களுடன்தான் விடை தருகின்றன. படிவு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை என்று ஓர் ஆய்வு சொன்னால், மருந்து சிதையவில்லை என்று அந்த ஆய்வு சொன்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஃபெனிட்டோயினைக் குளுக்கோஸ் கரைசலில் விட்டால் படிந்துவிடும், உப்புக் கரைசல் வேண்டும்; வழக்கமான ஆம்ஃபோடெரிசின் பி மருந்துக்கு நேர்மாறாக உப்புக் கரைசல் ஆகாது, குளுக்கோஸ் வேண்டும். பொது அறிவைக் கொண்டு ஊகிக்க முடியாத துறை இது.

பதிப்பின் ஆண்டு ஏன் முக்கியம் என்பதற்கு நுண்ணுயிர்க்கொல்லி ஊசிமருந்தான செஃப்ட்ரியாக்சோன் சிறந்த எடுத்துக்காட்டு. பச்சிளங்குழந்தைகளின் நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் கால்சியத்துடன் சேர்ந்த படிவுகள் காணப்பட்டு உயிரிழப்புகள் நேர்ந்ததை அடுத்து, எந்த வயதினருக்கும் 48 மணி நேர இடைவெளிக்குள் கால்சியம் கலந்த கரைசல்களைச் செலுத்தக் கூடாது என்று அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு 2007 இல் எச்சரித்தது. கூடுதல் ஆய்வுகளுக்குப் பின் 2009 இல் அது திருத்தப்பட்டது: 28 நாள்களுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தடை நீடிக்கிறது, மற்றவர்களுக்கு, இடையில் குழாயை நன்கு அலசிவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தலாம். இந்த இரண்டு ஆண்டு இடைவெளியில் அச்சான ஒரு கையேட்டைக் கையில் வைத்திருப்பவர், அன்று சரியாக இருந்த ஒரு விதியை இன்றும் பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருப்பார்.

இரவுப்பணி எழுதியது:

வாந்தியைத் தடுக்கும் டோம்பெரிடோனும் அப்படித்தான். 20 மி.கி. வரை, நாளுக்கு நான்கு வேளை என்று எழுதிய பழைய பதிப்புகள் இன்னும் அலமாரிகளில் இருக்கின்றன. இதயத் துடிப்புச் சிக்கல்களைக் கருதி, பெரியவர்களுக்கு 10 மி.கி. வீதம் மூன்று வேளை, பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2014 இல் குறைத்துவிட்டது. தயாரிப்புத் தகவலின் அண்மைப் பதிப்பைப் பார்ப்பவருக்கு இந்தக் குழப்பமே வராது என்பதை மீண்டும் பதிவு செய்கிறேன்.

துலாக்கோல் எழுதியது:

இந்த இடத்தில் உங்கள் வாதத்தை முழுமையாக ஏற்கிறேன்.

பழைய ஏடு எழுதியது:

‘மூன்று தளங்களில் சரிபார்த்துவிட்டேன்’ என்று பலர் சொல்லக் கேட்கிறோம். அந்த மூன்றும் ஒரே தயாரிப்புத் தகவலைச் சுருக்கி எழுதியவையாக இருந்தால், ஒரே சாட்சியை மூன்று முறை கூண்டில் ஏற்றியதற்குச் சமம். ஒன்று ஒழுங்குமுறை ஏடு, மற்றொன்று ஆசிரியர் குழு சுயமாக மதிப்பிட்டு எழுதிய நூல் என்று இருந்தால்தான் இரண்டு மூலங்களைப் பார்த்ததாகக் கொள்ள முடியும்.

மேற்கோள் பல கைகள் மாறும்போது என்ன ஆகும் என்பதற்கு மருந்தியல் வரலாற்றில் ஒரு கசப்பான சான்று உண்டு. 1980 இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஐந்து வாக்கியங்களே கொண்ட கடிதம் ஒன்று வெளிவந்தது. மருத்துவமனையில் படுக்கையில் இருந்தபோது ஓபியாய்டு வகை வலிநிவாரணி பெற்ற 11,882 நோயாளிகளில், முன்பு அப்பழக்கம் இல்லாத நால்வர் மட்டுமே அடிமையானது பதிவாகியிருந்தது என்று அது சொன்னது. வீட்டில் நெடுநாள் எடுத்துக்கொள்பவர்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் நாள்பட்ட வலிக்கு ஓபியாய்டு கொடுத்தாலும் அடிமைத்தனம் அரிது என்பதற்கு ஆதாரமாக அதையே அடுக்கடுக்காக எடுத்தாண்டார்கள். அதே இதழ் 2017 இல் வெளியிட்ட பகுப்பாய்வு, அக்கடிதம் 608 முறை மேற்கோள் காட்டப்பட்டதையும், அவற்றில் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை அடிமைத்தனம் அரிது என்று நிறுவவே அதைப் பயன்படுத்தியதையும் எடுத்துக்காட்டியது. மேற்கோள் காட்டியவர்களில் எத்தனை பேர் அந்த ஐந்து வாக்கியங்களையும் படித்திருப்பார்கள்? படிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

எனவே ஒரு முடிவுக்கு முதல் நிலைச் சான்று தேவைப்பட்டால் மூலக் கட்டுரையையே திறக்க வேண்டும். திறந்த கையோடு அது பின்னர் திரும்பப் பெறப்பட்டதா என்றும் பப்மெட்டில் பார்த்துவிட வேண்டும். கோவிட் சிகிச்சையில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பற்றி 2020 மே 22 அன்று லான்செட்டில் வந்த கட்டுரை, தரவுகளைச் சரிபார்க்க இயலாத நிலையில் ஜூன் 4 அன்றே திரும்பப் பெறப்பட்டது. இதழின் பெயர் பெரிதாக இருப்பது மட்டும் காப்பாகாது.

நாளைய கேள்வி எழுதியது:

உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பற்றி எவரும் பேசவில்லையே? இளம் பணியாளர்கள் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.

நடுநிலை எழுதியது:

கேட்கட்டும், ஆனால் அதை மூலம் என்று பதிவேட்டில் எழுத அனுமதிக்காதீர்கள். இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர், ஆண்டு, பக்க எண் எல்லாம் கொடுத்து அது மேற்கோள் காட்டக்கூடும் என்பது நன்கு அறியப்பட்ட குறை. எந்தச் சொற்களைக் கொண்டு தேடலாம், எந்த வகை நூலைத் திறக்கலாம் என்பதற்கு அது உதவும். நோயாளிக்குச் செல்லும் எண், அளவு, எச்சரிக்கை ஒவ்வொன்றும் ஒரு மனிதர் திறந்து பார்த்த பக்கத்திலிருந்து வர வேண்டும்.

கல்வம் எழுதியது:

இதுவரை வந்தவற்றைக் கொண்டு ஒரு வரைவைத் தயாரித்துவிட்டேன். கைநூல் ஒன்றும் இடைவினைத் தரவுத்தளம் ஒன்றும் சந்தாவில் இருக்கும். ஊசிமருந்துக் கலப்புப் பிரிவுக்கு மட்டும் டிரிசல். மற்றவை இலவச மூலங்கள்: தயாரிப்புத் தகவலுக்கு அமெரிக்காவின் டெய்லிமெட்டும் ஐரோப்பிய முகமையின் தளமும், தாய்ப்பாலுக்கு லாக்ட்மெட், கல்லீரல் பாதிப்புக்கு லிவர்டாக்ஸ், இதய மின்பதிவில் க்யூடி இடைவெளியை நீட்டும் மருந்துகளுக்கு கிரெடிபிள்மெட்ஸ். உள்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பு ஏற்றுக்கொண்ட தகவல் வேறுபட்டால் அதற்கே முன்னுரிமை என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறேன். பதிவேட்டில் எவற்றை எழுதச் சொல்லலாம் என்பதற்கும், பழைய பதிப்புகளை என்ன செய்வது என்பதற்கும் ஆலோசனை வேண்டும்.

துலாக்கோல் எழுதியது:

கேட்டவர் யார், நோயாளியின் வயது, எடை, சிறுநீரக நிலை, உண்மையில் கேட்கப்பட்டது என்ன, பார்த்த மூலத்தின் பெயர், பதிப்பு அல்லது பார்த்த நாள், சொன்ன விடை ஆகியவை போதும். தேடியும் கிடைக்காத மூலங்களையும் எழுதச் சொல்லுங்கள். அடுத்தவர் அதே பக்கத்தை மீண்டும் புரட்ட வேண்டியிராது. உண்மையில் கேட்கப்பட்டது என்ன என்பதற்குத் தனி வரி வேண்டும். ‘இந்த மருந்தின் அதிகபட்ச அளவு என்ன’ என்று கேட்பவர், பெரும்பாலும் வலி தணியாத ஒரு நோயாளியை எதிரில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார். எண்ணை மட்டும் சொல்லிவிட்டு அழைப்பை முடித்தால், அவருக்குத் தேவைப்பட்ட மாற்று மருந்தைப் பற்றிய பேச்சு எழவே எழாது.

பழைய ஏடு எழுதியது:

பழைய பதிப்புகளை எரிக்க வேண்டாம் என்று என் பெயரே உங்களிடம் கேட்டுக்கொள்ளும். சந்தையிலிருந்து விலக்கப்பட்ட மருந்தைப் பற்றியோ, பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நோயாளி எடுத்துக்கொண்டதைப் பற்றியோ கேள்வி வரும்போது அவை தேவைப்படும். ஆனால் மருந்து வழங்கும் இடத்திலும் கலக்கும் இடத்திலும் ஒரே பதிப்புதான் இருக்க வேண்டும். பழையவற்றின் அட்டையில் ‘அளவுகளுக்குப் பயன்படுத்தக் கூடாது’ என்று பெரிய எழுத்தில் ஒட்டி வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள். கணினியில் சேமித்துப் பகிரப்படும் பழைய கோப்புகளுக்கும் இதே விதிதான். அலமாரியைச் சுத்தம் செய்தவர்கள் அவற்றை மறந்துவிடுகிறார்கள்.

கல்வம் எழுதியது:

கோப்புகளை நான் கணக்கில் கொள்ளவே இல்லை. வரைவில் அதையும் சேர்த்துவிட்டு, இடைவினைத் தரவுத்தளத்தின் சோதனைச் சந்தாவில் மைகோனசோல், வார்ஃபரின் இரண்டையும் உள்ளிட்டு முதலில் பார்க்கப்போகிறேன்.